கொடி இறங்கும் கணம்

திருகோணமலை உட்துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அங்கே நங்கூரமிட்ட போர்க்கப்பல்கள் ஒன்றோடொன்று கொடிகளாலும் பேசிக்கொண்டன. அந்தப் பேச்சில், கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர் கவனிக்கத் தவறும் ஒரு விதி உண்டு. தலைமைக் கப்பல் கொடிவரிசையை ஏற்றியதும் எவரும் எதையும் செய்துவிடுவதில்லை. ஏற்றம் வெறும் அறிவிப்பு. அதைக் கண்ட கப்பல் தன் பதில்கொடியைப் பாதிக் கம்பம்வரை ஏற்றும். பொருள் விளங்கியதும் உச்சிக்கு ஏற்றும். எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று தெரிந்தபின் தலைமைக் கப்பல் தன் கொடிகளை இறக்கும். அவை இறங்கும் கணமே கட்டளை செயலாகும் கணம். கணினியோடு வீட்டில் கம்பி பொருத்திச் செய்துகொள்ளும் சின்ன எல்சிடி திரையும் இதே விதியில்தான் இயங்குகிறது. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்தை வைக்கிறோம். வேறொரு கம்பி உயர்ந்து, பிறகு தாழ்கிறது. தாழும் கணத்தில் திரை அந்த எழுத்தை உள்வாங்குகிறது. அதற்குப் பதில்கொடியும் இருக்கிறது. திரை வேலை செய்யாதபோது பலரும் திரையைச் சந்தேகிப்பார்கள், அல்லது கணினியைச் சந்தேகிப்பார்கள். பழுது பெரும்பாலும் இரண்டிலும் இராது. இரண்டுக்கும் நடுவே உள்ள உடன்பாட்டில் இருக்கும். எந்த உடன்பாடு முறிந்தது என்பதை அந்தக் கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும், வாசிக்கத் தெரிந்தால்.

வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் பச்சை அல்லது நீலப் பலகைதான் இங்கே பேசப்படும் பொருள். கடைத் தராசிலும், இன்வேர்ட்டரிலும், பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி மேசையிலும் பார்த்திருப்போம். அதன் மூளை ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் வெளியிட்ட எச்டி 44780 என்ற சில்லு. இன்று வேறு பலர் செய்யும் சில்லுகளும் அதன் மொழியையே பேசுகின்றன. ஒரு காலத்தில் கணினியின் முதுகில் அச்சுப்பொறிக்கென்று 25 முனைகளோடு ஒரு சமாந்தரத் துறை இருந்தது. (கப்பல் வருவதற்கும் கம்பி வருவதற்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்தது நமக்கு ஒரு வசதி.) அந்தத் துறையில் இந்தத் திரையைப் பொருத்தி, கணினியின் சூட்டையும் ஓடும் பாட்டின் பெயரையும் காட்டவைப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக இருந்தது, லினக்ஸில் எல்சிடிபுரொக் என்ற மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. இப்போது அந்த இடத்தை ஆர்டுயினோவும் ராஸ்பெரி பையும் எடுத்துக்கொண்டுவிட்டன. திரையின் கால்கள் மட்டும் மாறவில்லை. முதலாவது பூச்சிய வோல்ட், இரண்டாவது 5 வோல்ட், மூன்றாவது எழுத்தின் அழுத்தத்தை நிர்ணயிப்பது. நான்காவது ‘ஆர்எஸ்’: வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்வது. ஐந்தாவது ‘ஆர்டபிள்யூ’: எழுதுகிறோமா வாசிக்கிறோமா என்பது. ஆறாவது ‘ஈ’, கொடி ஏறி இறங்கும் கம்பம் அதுதான். ஏழு முதல் பதினான்கு வரை தரவுக் கம்பிகள் எட்டு. எஞ்சிய இரண்டும் பின்னொளிக்கு.

உடன்பாடுகளில் முதலாவது, பூச்சியம் எது என்பது. துறைமுக வரைபடத்தில் ஓரிடத்தின் ஆழம் 20 மீற்றர் என்றிருந்தால், எந்த நீர்மட்டத்திலிருந்து 20 என்ற அடிப்படையும் சேர்ந்தே இருக்கும். அந்த அடிப்படை தெரியாத மாலுமிக்கு அந்த எண்ணால் பயனில்லை. மின்சாரத்திலும் 5 வோல்ட் என்பது ஏதோ ஒன்றிலிருந்து 5 வோல்ட். அச்சுப்பொறித் துறை மின்சாரம் தருவதில்லை. ஆகவே திரைக்கு வேறோரிடத்திலிருந்து, சிலர் கைத்தொலைபேசி சார்ஜரிலிருந்து, 5 வோல்ட் எடுப்பார்கள். சார்ஜரின் பூச்சியத்தையும் கணினியின் பூச்சியத்தையும் ஒரு கம்பியால் இணைக்க மறந்துவிட்டால், கணினி அனுப்பும் 1 திரைக்கு எதுவாகவும் தெரியலாம். பின்னொளி பளிச்சென்று எரியும். எழுத்து மட்டும் மனம்போனபடி வரும். துறையின் 18 முதல் 25 வரையான முனைகள் அனைத்தும் பூச்சியத்துக்கே ஒதுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றுக்கும் திரையின் முதற்காலுக்கும் இடையே மல்டிமீட்டர் ‘பீப்’ என்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

அடுத்து, எதுவுமே தெரியாத திரை. பின்னொளி எரிகிறது, எழுத்தும் இல்லை, கட்டமும் இல்லை. ‘செத்துவிட்டது’ என்ற தீர்ப்பு அதிகம் வழங்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான். அது பெரும்பாலும் தவறான தீர்ப்பு. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே உள்ள திரவப் பளிங்கு ஒளியைத் தானாக உண்டாக்குவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரு கண்ணாடியிலிருந்து மற்றதற்குப் போகும்போது திருகிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் திருகல், முனைவாக்கிய ஒளியின் தளத்தையும் கூடவே திருப்புகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்கின்றன, திருகல் குலைகிறது, அந்தப் புள்ளி கறுக்கிறது. எவ்வளவு நிமிரும் என்பதை முடிவு செய்வது மூன்றாவது கால். அதைச் சும்மா விட்டால் சில்லு உள்ளே முழு வேலையும் செய்துகொண்டிருக்க, கண்ணாடி வெறுமையாகக் கிடக்கும். 10 கிலோஓம் மாறுந்தடையி ஒன்றைப் பொருத்தி அந்தக் காலை அரை வோல்ட் அளவுக்கு இறக்கினால், சாதாரண 5 வோல்ட் திரையில் எழுத்து வந்துவிடும். இந்த அரை வோல்ட்டும் ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்காது. சூடு ஏற ஏறத் திரவப் பளிங்கு குறைந்த அழுத்தத்துக்கே நிமிரத் தொடங்கும். ஆகவே நுவரெலியாவில் அளவாகத் தெரியும்படி திருகிவைத்த திரை, கச்சான் காற்று வீசும் திருகோணமலை மத்தியானத்தில், அதுவும் கணினியின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் இருந்தால், எழுத்தும் பின்புலமும் ஒன்றாகக் கறுத்து நிற்கும். (கச்சான் என்றால் கடலையை மட்டும் அறிந்தவர்களுக்கு: கிழக்கில் அது தென்மேற்கிலிருந்து மலை தாண்டி வரண்டு இறங்கும் வெக்கைக் காற்றின் பெயரும்கூட.) சாதாரணத் திரைகளை 0 முதல் 50 பாகை செல்சியஸ் வரைக்கே செய்கிறார்கள், நேர்வெயில் படும் மூடிய பெட்டிக்குள் 50ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. இன்னொரு பொய்ப் பழுதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடலில் கண்கூச்சத்துக்குப் போடும் முனைவாக்கிய கறுப்புக் கண்ணாடியோடு இந்தத் திரையைப் பார்த்தால், தலையைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து எழுத்து மாயும். கண்ணாடியைக் கழற்றினால் திரை குணமாகிவிடும்.

மேல்வரியில் மட்டும் 16 கறுப்புக் கட்டங்கள், கீழ்வரி வெறுமை. இந்தக் காட்சியைக் கண்டு மனம் சோர்கிறவர்கள் உண்மையில் சந்தோஷப்பட வேண்டும். மின்சாரம் வந்திருக்கிறது, மூன்றாவது கால் சரியாக இருக்கிறது, கண்ணாடியும் சில்லும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் தொடக்கக் கட்டளை எதுவும் போய்ச் சேரவில்லை என்பது இதன் பொருள். ஒரே பார்வையில் நான்கு தகவல் கிடைக்கிறது. தொடக்கக் கட்டளை ஏன் வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மின்சாரம் வந்ததும் தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு சில்லுக்குள்ளேயே இருக்கிறதே. இருக்கிறது, நிபந்தனையோடு. மின்னழுத்தம் 0.1 மில்லிசெக்கனுக்கும் 10 மில்லிசெக்கனுக்கும் இடைப்பட்ட நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும். அதற்குமுன் குறைந்தது ஒரு மில்லிசெக்கனாவது முழுவதும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். 2022இல் இலங்கை முழுவதும் சில நாட்களில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அவ்வளவு நீண்ட வெட்டு இந்தச் சில்லுக்கு ஒரு சிரமமும் தராது. நன்றாக இறந்து நன்றாகப் பிறந்துவிடும். அதைக் குழப்புவது கண் சிமிட்டுவதுபோன்ற தளர்வுதான். மின்குமிழ் ஒரு தடவை மங்கி எழும். அந்த நேரத்தில் 5 வோல்ட் பாதிக்கு இறங்கித் திரும்பும். சில்லு உறங்கவுமில்லை, விழிக்கவுமில்லை. இன்னொரு சாத்தியமும் உண்டு: கணினியை மறுபடி தொடக்கும்போது யூஎஸ்பியின் 5 வோல்ட் அறாமலே இருக்கும். கணினி எல்லாவற்றையும் மறந்து புதிதாகப் பேசத் தொடங்கும். திரையோ பழைய பேச்சின் நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

கம்பிகளை மிச்சம் பிடிக்க, எட்டுத் தரவுக் கம்பிகளுக்குப் பதில் நான்கை மட்டும் இணைத்து, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக அனுப்பும் வழக்கம் உண்டு. அப்போது சில்லு மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கலாம்: எட்டுக்கம்பி நிலை, நான்குகம்பி நிலையில் முதற்பாதியை எதிர்பார்ப்பது, நான்குகம்பி நிலையில் இரண்டாம் பாதியை எதிர்பார்ப்பது. எந்த நிலை என்று கணினிக்குத் தெரியாது. அதனால்தான் சில்லின் கையேடு 3 என்ற எண்ணை மூன்று தடவை அனுப்பச் சொல்கிறது: மின்சாரம் வந்து 15 மில்லிசெக்கன் பொறுத்து ஒன்று, பிறகு 4.1 மில்லிசெக்கன் பொறுத்து ஒன்று, பிறகு 100 மைக்ரோசெக்கன் பொறுத்து ஒன்று. பார்ப்பதற்கு மந்திர உச்சாடனம் போலிருக்கும். கணக்குப் போட்டால் விளங்கிவிடும். எட்டுக்கம்பி நிலையில் இருந்த சில்லுக்கு ஒவ்வொரு 3உம் ‘எட்டிலேயே இரு’ என்ற கட்டளை. முதற்பாதிக்குக் காத்திருந்த சில்லுக்கு முதலிரண்டு 3உம் சேர்ந்து ‘எட்டுக்கு மாறு’ ஆகின்றன. மூன்றாவது அதை உறுதிசெய்கிறது. இரண்டாம் பாதிக்குக் காத்திருந்ததோ, முதல் 3ஐத் தன் பழைய அரைகுறைக் கட்டளையோடு சேர்த்து விழுங்கிவிடும். அடுத்த இரண்டும் அதை எட்டுக்கு இட்டுவரும். எங்கிருந்து கிளம்பினாலும் வந்து சேரும் இடம் ஒன்று. அறிமுகமில்லாத இருவர் பேச்சைத் தொடங்குவதற்கு இதைவிடச் சிக்கனமான வழியைக் கண்டுபிடிப்பது கடினம். இதில் ஒரு 3ஐயோ ஒரு காத்திருப்பையோ வெட்டிவிட்ட நிரல், பத்துத் தடவையில் எட்டுத் தடவை வேலை செய்து மற்ற இரண்டு தடவை கறுப்புக் கட்டம் காட்டும். அந்த இரண்டுக்காகத் திரையை மாற்றுவதில் பயனில்லை.

எழுத்து வருகிறது, தப்பாக வருகிறது என்றால் விசாரணை இன்னும் சுவையாகிறது. இந்தச் சில்லின் தரவுக் கால்களும், ஆர்எஸ், ஆர்டபிள்யூ கால்களும் உள்ளே மெல்லிய தடையால் 5 வோல்ட்டை நோக்கி இழுக்கப்பட்டவை. ஆகவே அறுந்த கம்பி பூச்சியமாக வாசிக்கப்படுவதில்லை, 1 ஆகவே வாசிக்கப்படும். இந்த ஒரு செய்தியை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். எட்டுக்கம்பி இணைப்பில், திரையின் எட்டாவது காலுக்குப் போகும் கம்பியின் பற்றாசு விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். துவித எண்ணில் வலமிருந்து இரண்டாவது இடம் அது. இனி எப்போதும் 1. ஊர்ப்பெயரின் சுருக்கமான ‘டிரிங்கோ’வை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அனுப்புகிறோம்: டி, ஆர், ஐ, என், சி, ஓ. டியின் குறியீடு 01010100. அது 01010110 ஆகி, வி என்று தெரியும். ஐ 01001001, அது கே ஆகும். ஆர், என், சி, ஓ நான்கிலும் அந்த இடம் ஏற்கெனவே 1 என்பதால் அவை பத்திரமாக வரும். அதே கம்பியால் கட்டளைகளும் திரியும். மறைந்திருக்க வேண்டிய இடங்காட்டிக் கோடு தெரியத் தொடங்கும். முதற்பத்தியில் எழுதச் சொன்னது மூன்றாம் பத்தியில் விழும். துடைக்கச் சொன்ன கட்டளை ‘தொடக்கத்துக்குத் திரும்பு’ என்று மாறி, பழைய எழுத்து அழியாமல் கிடக்கும். எழுத்து மாறுகிறது, கோடு தெரிகிறது, இடம் தள்ளுகிறது, துடைபடவில்லை: நான்கு வெவ்வேறு நோய்போலத் தோன்றும் இவை ஒரே கம்பியின் வேலை. குறியீட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுப்பியதையும் தெரிந்ததையும் இரண்டு வரியாக எழுதி வேறுபடும் இடத்தை அடையாளமிட்டால், எந்தக் காலைத் தொட்டுப்பார்க்க வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். அதே தர்க்கம் கறுப்புக் கட்டத்துக்கும் உதவும். ஆர்டபிள்யூ கம்பி அறுந்தால் அது 1, அதாவது ‘வாசி’. கணினி எவ்வளவு எழுதினாலும் திரை செவிமடுக்காது. ஆர்எஸ் அறுந்தால் கட்டளைகள்கூட எழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும், தொடக்கம் நடக்காது.

அலைகாட்டி இல்லாமல் நனோசெக்கன் விவகாரங்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்கலாம். ‘ஈ’ கம்பத்தின் துடிப்பு 5 வோல்ட்டில் 230 நனோசெக்கனாவது உயர்ந்திருக்க வேண்டும். சாதாரணக் கட்டளைக்கு 37 மைக்ரோசெக்கனும், துடைக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிசெக்கனும் சில்லுக்கு வேண்டும். இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாதுதான். ஆனால் இந்த எண்கள் எல்லாம் ஆகக்குறைந்த எல்லைகள். ஆகக்கூடிய எல்லை என்று ஒன்றும் இல்லை. சில்லு எவ்வளவு நேரமும் பொறுமையாகக் காத்திருக்கும். கணினியை முழுவதும் கழற்றிவிட்டு, எட்டு ஆளிகளையும், தட்டும்போது அதிராதபடி அமைத்த ஒரு பொத்தானையும் பொருத்தி, ஒரு மணித்தியாலத்தில் ஒரு சொல் என்ற வேகத்தில் கையால் எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். எனவே ஆகமலிவான பரிசோதனை, நிரலிலுள்ள எல்லாக் காத்திருப்புகளையும் நூறு மடங்காக்குவது. குணமானால் நோய் நேரத்தில், குணமாகாவிட்டால் கம்பியில். சமாந்தரத் துறைக்கு இன்னொரு பொறியும் உண்டு. கம்பமாகப் பயன்படும் அதன் முதலாம் முனை தலைகீழானது: நிரல் 1 என்று எழுதினால் கம்பியில் 0 வரும். 14ஆம், 17ஆம் முனைகளும் அப்படியே. 16ஆவது மட்டும் நேரானது. இதை மறந்து எழுதிய நிரலில், கம்பம் சும்மா இருக்கும்போது உயர்ந்தே நிற்கும். கொடி ஏற வேண்டிய நேரத்தில் இறங்கி, இறங்க வேண்டிய நேரத்தில் ஏறும். வேடிக்கை என்னவென்றால், தரவை முன்கூட்டியே வைத்துவிட்டிருந்தால் அப்போதும் பல தடவை வேலை செய்துவிடும். கம்பம் உயர்ந்து நிற்கும்போதே ஆர்எஸ் மாறுவது விதிமீறல் என்பதால், எப்போதாவது ஒரு கட்டளை எழுத்தாகிவிடும். முழுதாகப் படுத்துவிட்ட திரையைவிட இத்தகைய திரைதான் ஆளை அலைக்கழிக்கும்.

பதில்கொடி என்றேனே, அது இந்தச் சில்லில் பதினான்காவது கால். வாசிக்கும் நிலையில் கேட்டால், வேலையாக இருக்கும்போது 1 காட்டும், முடிந்ததும் 0. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஆர்டபிள்யூவைப் பூச்சியத்தோடு நிரந்தரமாகக் கட்டிவிடுகிறார்கள். பதில் கேட்கும் வழி அடைபடுகிறது, கணினி கடிகாரத்தை நம்பிக் காத்திருக்கிறது. சோம்பல் என்று இதைக் குறைசொல்ல முடியாது. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்குமேல் தாங்காதவை. திரை அந்தக் கம்பிகளில் 5 வோல்ட்டோடு பதில் சொன்னால் பாதிக்கப்படுவது கணினி. மறுதிசையில் அந்தச் சிக்கல் இல்லை: 5 வோல்ட்டில் இயங்கும் இந்தச் சில்லு 2.2 வோல்ட்டையே 1 என்று ஏற்கும், 3.3 அதற்குத் தாராளம். ஒருவர் பேச மட்டும் செய்து, மற்றவர் கேட்க மட்டும் செய்யும் உடன்பாடு அது. அதில் நேரத்தைப் பற்றிய கவனம் இரட்டிப்பாக வேண்டும், அவ்வளவுதான்.

துறைமுகப் பட்டினத்துக்கென்று தனியாக ஒரு எதிரி உண்டு: உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஐப்பசி மழை தொடங்கியபின் டச்சுக்குடாப் பக்கத்து வீட்டில் இந்த எல்லையைத் தாண்டாத இரவு அரிது. பற்றாசு வைத்தபோது மிஞ்சிய பிசின்மேல் கடற்காற்றின் உப்பு படிந்து, இரவில் ஈரமாகி, இரண்டு கால்களுக்கிடையே மெல்லிய மின்பாதை போடும்; பகலில் காய்ந்துவிடும். காலையில் பிதற்றி மத்தியானத்தில் தெளியும் திரைக்கு இதுவே முதல் விளக்கம். சொருகும் கம்பிகளின் மெல்லிய முலாம் அரிக்கப்பட்டால் தொடுகை விட்டுவிட்டு வரும். ஆட்டினால் சரியாகும், மறுநாள் திரும்பும். கண்ணாடியில் நெடுக்காக ஒரு கோடோ, குறுக்காக ஒரு வரிசைப் புள்ளியோ மட்டும் காணாமற்போனால் கணினியையும் நிரலையும் விட்டுவிடலாம். கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே, மின்கடத்தும் அடுக்கும் கடத்தா அடுக்கும் மாறிமாறி வரும் வரிக்குதிரைப் பட்டை என்ற றப்பர் கீற்று இருக்கிறது. அதுதான் நூற்றுக்கணக்கான இணைப்புகளையும் ஒரேயடியாகச் செய்கிறது. உலோகச் சட்டத்தின் காதுகளை மெல்ல முறுக்கி இறுக்கினால், அல்லது கழற்றித் தூய மதுசாரத்தால் துடைத்துப் பூட்டினால், காணாமற்போன கோடு பல வேளைகளில் திரும்பிவிடும்.

விலை அதிகமில்லாத பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போகிறது என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. கொழும்பில் கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். சுமார் 260 கிலோமீற்றர் தள்ளி, பார்சல் வரும்வரை காத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு வேறு. தூரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மாற்றிப் பொருத்துவது ஒரு பரிசோதனை. அதன் முடிவை நம்புவதானால் மற்ற எதுவும் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் பழைய திரையைக் கழற்றும்போதே பதினாறு தொடுகைகளும் உரசித் துலங்குகின்றன, கம்பிகள் இடம் மாறுகின்றன, மின்சாரம் முழுதாக அறுந்து மீண்டும் வருகிறது. புதிய திரை வேலை செய்தால், குணப்படுத்தியது புதிய சில்லா, தொடுகையா, ஒழுங்காக நடந்த மறுதொடக்கமா என்று சொல்ல வழியில்லை. பழையதைக் குப்பையில் போட்டபின் அந்தக் கேள்விக்குச் சாட்சியும் இல்லை. பழைய திரையையே கழற்றி மறுபடி பொருத்திப் பார்த்துவிட்டுப் புதியதை எடுப்பவர் குறைந்தபட்சம் ஒரு சந்தேகத்தையாவது தீர்த்துக்கொள்கிறார்.

பின்பக்கத்தில் ஒட்டிவரும் சிறு பலகையை வாங்கினால் நான்கு கம்பிகளோடு தொல்லை தீர்ந்துவிடும் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். கம்பி குறைவது உண்மை. அந்தப் பலகையிலுள்ள பிசிஎஃப் 8574 என்ற சில்லுக்கு ஒரு முகவரி வேண்டும். அதே சில்லின் ‘ஏ’ வகைக்கு வேறு முகவரி வரிசை. அதன் எட்டு முனைகளில் எது ஈ, எது ஆர்எஸ் என்பதிலும் பலகை செய்தவர்கள் ஒருமித்து நடக்கவில்லை. பழைய உடன்பாடுகள் எதுவும் ரத்தாகவில்லை. அவற்றின்மேல் இரண்டு புதியவை ஏறியிருக்கின்றன. முகவரி தவறினால் கிடைப்பது அதே கறுப்புக் கட்டங்கள்தான். யூஎஸ்பியிலிருந்து சமாந்தரத் துறைக்கு மாற்றும் கம்பியும் இந்த வகையில் பலரை ஏமாற்றியது. அது அச்சுப்பொறியோடு பேசுவதற்கென்று செய்யப்பட்டது. தனித்தனிக் கம்பியை உயர்த்தித் தாழ்த்தும் நிரலுக்கு அது துறையே இல்லை. வடிவம் பொருந்தும், திருகாணி பொருந்தும், பேச்சு பொருந்தாது.

உண்மையாகவே செத்துப்போகும் திரைகளும் இருக்கின்றன. இல்லையென்று வாதிடுவது மூடத்தனம். முதலாம், இரண்டாம் கால்கள் இடம்மாறிய பலகைகள் சந்தையில் உண்டு. எண்ணை நம்பி 5 வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தால் சில்லு சூடேறிக் கருகும். கண்ணாடி கீறினால் திரவப் பளிங்கு கசிந்து கறுப்புக் கறையாகப் பரவும். ஆனால் இந்தச் சாவுகளுக்கு அடையாளம் இருக்கிறது: தொட்டால் சுடும், கறை தெரியும், மூன்றாம் காலை எப்படித் திருகினாலும் ஒரு கட்டமும் தோன்றாது. எழுத்தைத் தவறாகக் காட்டுகிற, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித் தவறாகக் காட்டுகிற திரை மிகவும் ஆரோக்கியமான திரை.

தமிழருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு தவறு அதற்கு நல்ல சான்று. கம்பி, காலம், பூச்சியம் எல்லாம் சரியாக்கி, ஆங்கிலமும் ஒழுங்காக வந்தபின், ஆசையோடு ‘திருகோணமலை’ என்று தமிழில் அனுப்பிப் பாருங்கள். கணினிக்கு அது ஆறு எழுத்தல்ல. உயிர்மெய்க் குறிகள் பிரிந்து பத்துக் குறியீடுகள், யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. அவற்றில் ஒவ்வொரு மூன்றின் முதற்பைட்டும் ஒன்றே. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஜப்பானிய எழுத்துரு கொண்ட சில்லில் அந்த எண்ணுக்குரிய உரு கிரேக்க அல்பா. அடுத்ததற்குக் கட்டக்கானாவின் குட்டி ‘யோ’ அல்லது குட்டி ‘த்சு’. மூன்றாவதே எழுத்துக்கு எழுத்து மாறும். மேல்வரியில் மூன்று இடத்துக்கு ஓர் அல்பாவாக ஆறு அல்பாக்கள் அணிவகுத்து நிற்கும். இங்கே எந்தக் கம்பியும் அறவில்லை, எந்த நேரமும் தவறவில்லை. 1980களில் செய்த சில்லுக்குத் தமிழ் என்ற உடன்பாடு எழுதப்படவேயில்லை. பயனர் வரைந்துகொள்ள அது விட்டுவைத்திருப்பது அகலம் ஐந்து, உயரம் எட்டுப் புள்ளி கொண்ட எட்டு உருக்கள் மட்டும். ‘கோ’வுக்கே அதில் மூன்று போய்விடும். மிச்சம் 14 பைட்டும் தொலைந்துபோகவில்லை. ஒரு வரிக்கு 40 எழுத்து கொள்ளும் நினைவகத்தில் அவை திரைக்கு வலப்பக்கம், கண்ணாடிக்கு வெளியே, வரிசை கலையாமல் நிற்கின்றன. இடப்பக்கம் நகர்த்தும் கட்டளையை 14 தடவை அனுப்பினால், ‘லை’யின் கடைசி அல்பாவும் அதன் பின்னால் ஒரு குட்டி ‘த்சு’வும் ஒரு வெற்றிடமும் வந்து சேரும்.